ஆர்மை நொந்துகொண்டேன், குற்றவாளி கேபிள்

ஒரே இசைத்தட்டு, ஒரே எம்எம் கார்ட்ரிட்ஜ் (ஊசியோடு சின்னக் காந்தம் அசைந்து ஒலியை மின்சாரமாக்கும் வகை), அதைத் தாங்கித் தட்டின்மேல் நகரும் கை, அதாவது டோன்ஆர்ம், இரண்டு. விலை கூடிய 12 அங்குல ஆர்மில் வயலின் கீச்சிட்டது. சிம்பலின் ரீங்காரமோ சட்டென்று மங்கியது. ஊசி அழுத்தம் 2 கிராம், சரியாகத்தான் இருந்தது. அப்புறம் ஆர்மின் உயரம், ஓவர்ஹேங், ஆன்ட்டி-ஸ்கேட்டிங் என்று ஆர்மின் அமைப்புகளைத் திருத்தியே நாலு நாள் போனது.

கடன் வாங்கிய எம்சி கார்ட்ரிட்ஜை (இதில் அசைவது காந்தமல்ல, கம்பிச்சுருள்) மாட்டியபோதுதான் பிடி கிடைத்தது: அந்த வித்தியாசத்தையே காணோம்! எம்சி சுருளின் இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் தன்மை) மிகக் குறைவு, ஆர்மிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) அதை அவ்வளவாகத் தொடாது. எம்எம் அப்படியல்ல, கெப்பாசிட்டன்ஸ் ஏறினால் உச்ச ஒலியில் ஒரு மேடு எழும்பி, அதற்கு மேல் சரியும்.

கார்ட்ரிட்ஜைக் கழற்றிவிட்டு மீட்டரில் அளந்தேன். கெப்பாசிட்டன்ஸ் பழைய ஆர்மின் கேபிளில் 95 பிகோஃபாரட், விலை கூடிய புதியதில் 310. புதியதன் கேபிளை மாற்றினேன், அப்பாடா. இப்போது கண்ணை மூடிக் கேட்டால் எது எந்த ஆர்ம் என்று பாதி நேரம் தப்பாகத்தான் சொல்கிறேன்.