ஜப்பான் பள்ளிக்கு ஆசிரியர் பரிமாற்றத்தில் போகிறீர்களா? முதலில் என்.ஓ.சி., அப்புறம்தான் பெட்டி

அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால், தேர்வான தகவல் வந்த அன்றே என்.ஓ.சி.க்கு (துறை தரும் தடையில்லாச் சான்று) எழுதிக் கொடுத்துவிடுங்கள். கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும் என்று யாருக்கும் தெரியாது, அது கைக்கு வராமல் கிளம்பவும் முடியாது.

நான் சொல்வது சூகாக்கோ பற்றி, அதாவது 7 முதல் 9ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளி. ஒரு பீரியட் 50 நிமிடம், கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை கோடை விடுமுறை, அந்த நேரத்தில் தேதி கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள்.

பள்ளி வாசலிலேயே வெளிச்செருப்பைக் கழற்றிவிட வேண்டும். விருந்தினருக்கு ஸ்லிப்பர் வைத்திருப்பார்கள், ஆனால் கொஞ்சம் பெரிய கால் என்றால் மாடிப்படியில் அது கழன்றுகொண்டே வரும், அதனால் வெளியில் போடாத சுத்தமான ஷூ ஒன்றை எடுத்துப் போய்விடுங்கள் (சாக்ஸில் ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்). அங்கே 100 வோல்ட் மின்சாரம், தட்டையான இரண்டு முள் பிளக், நம் உருண்டை முள் உள்ளே போகாது. ஸ்டாஃப் ரூமில் எல்லா ஆசிரியர்களும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள், தனித்தனியாகக் காகிதம் சுற்றிய கடலை மிட்டாய் மாதிரி ஏதாவது கொண்டுபோனால் ஆளுக்கொன்று கொடுக்க வசதி. மாம்பழம் வேண்டாம், விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மதியம் வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்ட மாணவர்களே பாத்திரங்களைத் தூக்கி வந்து வகுப்பிலேயே பரிமாறுவார்கள், எல்லோருக்கும் வைத்து முடித்து 'இதாதாகிமாஸ்' (சாப்பிடும் முன் நன்றியாகச் சொல்வது) சொன்ன பிறகுதான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். சாப்பாட்டோடு வரும் சூப்பில் காயும் டோஃபுவும்தான் மிதக்கும், ஆனால் அடியில் இருப்பது பெரும்பாலும் மீன் சாறு. "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது, "மீன் சாறும் ஆகாது" என்று முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். அப்புறம் பள்ளியைச் சுத்தம் செய்யும் நேரம் வரும், வேடிக்கை பார்க்காமல் நீங்களும் ஒரு துணியை எடுத்துத் துடையுங்கள், பிள்ளைகள் பேச ஆரம்பிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

வகுப்பைப் பார்க்கும்போது எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள முயன்றால் ஒன்றும் மிஞ்சாது. நான் சொல்வேன், போர்டை மட்டும் பாருங்கள். நல்ல ஆசிரியர் அன்றைய நோக்கத்தை முதலிலேயே எழுதிவிட்டு, மாணவர்கள் சொன்ன வழிகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, தப்பான விடையைக்கூட அழிக்காமல், எழுதிக்கொண்டே போவார். மணி அடிக்கும்போது அந்த 50 நிமிடமும் போர்டிலேயே இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் முகம் விழாமல். பக்கவாட்டில் நின்று இரண்டு மூன்று நோட்டுகளைக் கவனியுங்கள், ஆனால் விடை சொல்லிக் கொடுக்காதீர்கள், கை பரபரக்கும்தான். வகுப்பு முடிந்து ஆசிரியர்கள் கூடிப் பேசினால், "ரொம்ப நல்லா இருந்தது" என்று முடித்துவிடாமல், குறிப்பிட்ட ஒரு மாணவன் எந்த இடத்தில் தயங்கினான் என்று கேளுங்கள்.

உங்களையும் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். தாஜ்மகால், யானை எல்லாம் போட்ட ஸ்லைடுக்குக் கைதட்டு கிடைக்கும், அவ்வளவுதான். கட்டம் போட்ட தாளில் புள்ளிக்கோலம் போட வைத்துப் பாருங்கள், மொழி பெரிதாகத் தேவைப்படாது, சமச்சீரும் கணக்கும் தானாக வரும். ஐந்தாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் 2020 முதல் முறையான பாடம்தான், இருந்தாலும் "ஏதாவது கேள்வி உண்டா?" என்று மொத்த வகுப்பைப் பார்த்துக் கேட்டால் பெரும்பாலும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசச் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள். பாடக்குறிப்பை அந்தப் பள்ளி ஆங்கில ஆசிரியருக்கு முன்னாடியே அனுப்பிவிடுவது நல்லது.

திரும்பிய பிறகு ஆன்லைனில் இரண்டு வகுப்புகளையும் சேர்க்க ஆசை இருந்தால், கிளம்பும் முன்பே அங்கே உட்கார்ந்து தேதி குறித்துவிடுங்கள், ஊருக்கு வந்த பிறகு இரண்டு பக்கமும் வேலை சரியாக இருக்கும். அவர்கள் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். நம் காலை 10 மணி அவர்களுக்கு மதியம் 1.30, சாப்பாடு முடிந்த பிறகு வரும் பீரியடுக்கு ஏறக்குறைய ஒத்துவரும். மே மாதம் நமக்கு லீவு, ஆகஸ்டில் அவர்களுக்கு லீவு, செப்டம்பரில் நமக்குக் காலாண்டுத் தேர்வு. ஜூன் கடைசியோ நவம்பரோ கேட்டுப் பாருங்கள்.