கோல்ஃப் மைதானத்தில் நடப்பதா, பகி எடுப்பதா? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து போகும் புதியவர்களுக்கு

மட்டக்களப்பிலிருந்து கோல்ஃப் ஆடப் போக வசதியானது திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் மைதானம். வாகரை, வெருகல், மூதூர் வழியாக நேர் வீதி. அம்பாறைக்காரருக்கு மகியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவு ஏறி, திகனயில் இருக்கும் விக்டோரியா மைதானமும் எட்டும். எங்கே போனாலும் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலப் பயணம். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டால் முதல் பந்தை அடிக்கும்போது ஒன்பதரை ஆகிவிடும். 18 குழி முடிய நாலு, நாலரை மணித்தியாலம் வேண்டும். அப்படியென்றால் உச்சி வெயில் முழுவதும் உங்கள் தலையில்தான். நடப்பதா, பகி எனப்படும் அந்தச் சின்ன மோட்டார் வண்டியில் போவதா என்பதை முடிவு செய்யும்போது முதலில் பார்க்கவேண்டியது இந்தக் கணக்கை.

புதியவர் நடந்தே பழகவேண்டும் என்பதுதான் எங்கள் முடிவான கருத்து. பந்துக்கு நடந்து போகும்போது தூரம் காலுக்குத் தெரியும்; தரை மேடா பள்ளமா, புல் ஈரமா, காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதெல்லாம் அடுத்த அடிக்கு முன்னரே மனதில் பதிந்துவிடும். வண்டியில் போய் இறங்கினால் இவற்றை நின்ற இடத்தில் அவசரமாக ஊகிக்கவேண்டும். ஆனால் கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட் வரையான காலத்தில், பகல் பத்து மணிக்குப் பிறகு, பிடிவாதமாக நடக்காதீர்கள். அந்தக் காற்று வியர்வையைத் தோலிலேயே உலர்த்திவிடுவதால் எவ்வளவு நீர் இழந்தோம் என்பதே தெரியாது.

படி 1: முதல் நாளே தீர்மானியுங்கள்

முதல் நாள் இரவே போய்த் தங்கி, காலை ஆறரைக்குத் தொடங்க முடிந்தால் நடந்து ஆடுங்கள். அன்றே பயணம் செய்து போவதென்றால் முதல் ஒன்பது குழியை நடந்தும் அடுத்த ஒன்பதைப் பகியிலும் ஆடலாமா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். மூன்று கேள்விகளை மறக்கவேண்டாம்: பகி இருக்கிறதா? கெடி, அதாவது பை சுமக்கும் உதவியாளர், கட்டாயமா? புல்லில் வண்டி ஓட்ட இன்றைக்கு அனுமதி உண்டா? மூன்றாவதுதான் முக்கியம். ஏன் என்பது படி 5இல்.

நிலமும் கணக்கில் வரவேண்டும். சீனக்குடா கடல் மட்டத்துக் கிட்டத் தரை. அங்கே வெயில்தான் எதிரி, மேடு அல்ல. விக்டோரியா மைதானம் நீர்த்தேக்கத்தின் கரையில் மலைச் சரிவோடு கிடப்பது. முழங்கால் நோ உள்ளவர்கள் அங்கே பகி எடுப்பதே சரி. நுவரெலியாவுக்குப் போனால் யோசிக்கத் தேவையில்லை, அந்தக் குளிருக்கு நடை சுகம்.

படி 2: நடப்பதென்றால் பையை இளைக்க வையுங்கள்

18 குழி மைதானத்தின் நீளம் வரைபடத்தில் ஆறு கிலோமீற்றர் அளவில் இருக்கும். கிரீனிலிருந்து (குழியைச் சுற்றிக் கட்டையாக வெட்டிய புல்தரை) அடுத்த டீ வரை (ஒரு குழிக்கு முதல் அடி அடிக்கும் இடம்) நடப்பது, ரஃப்பில் (ஓரத்து நீளப் புல்) பந்து தேடுவது, கோணலாக அடித்துவிட்டுக் குறுக்கே போவது எல்லாம் சேர்ந்தால் எட்டு முதல் பத்துக் கிலோமீற்றர். புதியவருக்குப் பத்தென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விதிப்படி 14 மட்டைகள் வரை கொண்டுபோகலாம். அது உச்ச வரம்பு, கட்டாயம் அல்ல. பழகுபவருக்கு ஏழு போதும்: ஒரு 5 வூட், ஒரு ஹைபிரிட், 7 அயன், 9 அயன், பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், பட்டர். வூட்டும் ஹைபிரிட்டும் தூரத்துக்கு, அயன் நடுத்தூரத்துக்கு, வெட்ஜ் கிட்டத்திலிருந்து உயர்த்தி அடிக்க, பட்டர் கிரீனில் பந்தை உருட்ட. ஏழு மட்டையும் சேர்ந்து மூன்று கிலோ வரும். கால் விரித்து நிற்கும் இலேசான பை இரண்டு கிலோ. தண்ணீர் இரண்டு லீற்றர் இரண்டு கிலோ. பந்து ஒன்று 46 கிராமுக்கு மேல் இருக்க முடியாது என்பது விதி. ஆறு பந்தும் கால் கிலோவைச் சற்றே தாண்டும். மொத்தம் எட்டுக் கிலோவுக்குள் அடங்கும்.

பையின் இரண்டு பட்டிகளையும் தோளில் மாட்டுங்கள். ஒரு தோளில் மட்டும் தொங்கவிட்டால் ஐந்தாறு குழிக்குப் பிறகு அந்தப் பக்கத் தோள் இறுகும். பந்து வலப்பக்கமும் இடப்பக்கமும் சிதறத் தொடங்கும். ஆட்டம் கெட்டுப்போனது என்று நினைப்பீர்கள், கெட்டது தோள்தான்.

மூன்று சக்கரத் தள்ளுவண்டி கிடைத்தால் அதைவிட நல்ல வழி இல்லை. இழுக்கவேண்டாம், முன்னால் விட்டுத் தள்ளுங்கள். இழுக்கும்போது ஒரு கை பின்னால் முறுகி முதுகு பிடிக்கும். கிரீன், டீ, பங்கர் எனும் மணல் பள்ளம் மூன்றிலும் தள்ளுவண்டி ஏறக்கூடாது.

புதுச் சப்பாத்தை அன்றைக்கே முதன்முதலாகப் போடவேண்டாம். முந்திய கிழமையில் இரண்டு மாலை, கல்லடிக் கடற்கரைப் பக்கமாக ஒரு மணித்தியாலம் போட்டு நடந்து பாருங்கள். பையில் இன்னொரு சோடிக் காலுறை இருக்கட்டும். ஒன்பது குழி முடிந்ததும் மாற்றினால் கொப்புளம் வராது.

படி 3: தாகம் எடுக்குமுன் குடியுங்கள்

ஒரு குழிக்குச் சுமார் பதினைந்து நிமிடம் ஆகும். ஒவ்வொரு டீயிலும் 150 முதல் 200 மில்லிலீற்றர், அதாவது நாலைந்து மிடறு. 18 குழிக்கு மூன்று லீற்றர் வரும். ஆகவே நடுவில் போத்தலை மீண்டும் நிரப்பவேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஒரு போத்தலில் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி, அல்லது பைக்கற்றில் சொன்ன அளவில் கரைத்த ஜீவனி.

தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் வந்தால் அந்தக் குழியோடு நிறுத்தி நிழலுக்குப் போங்கள். கூட ஆடுபவர் தடுமாறிப் பேசினால், உடம்பு கொதித்தால், அது உயிருக்கு ஆபத்தான நிலை. கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத் துணி வைத்துக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

படி 4: பகியில் ஏறுமுன்

பையை வண்டியின் பின்புறம் நிறுத்தி, மேல் பட்டி கீழ்ப் பட்டி இரண்டையும் இறுக்குங்கள். மேல் பட்டி தளர்ந்தால் முதல் திருப்பத்திலேயே மட்டைகள் வீதியில் கிடக்கும்.

திறப்பைத் திருப்பினாலும் மின் பகி சத்தம் போடாது. ஓடவில்லை என்று நினைத்து அக்ஸிலேற்றரை மிதிப்பதுதான் புதியவர் செய்யும் முதல் பிழை. வண்டி பாய்ந்து முன்னால் நிற்பவரை இடிக்கும். முன், பின் ஆளியைப் பார்த்த பிறகே காலை வையுங்கள். பல பகிகளில் பிரேக் மிதியின் மேற்பகுதியை அழுத்தினால் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும். அக்ஸிலேற்றரைத் தொட்டால் பூட்டு விடுபடும். இறங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கிளிக் கேட்கவேண்டும். சமதரை என்று விட்டுப்போனால் வண்டி தானாக உருண்டு பங்கருக்குள் இறங்கும்.

ஸ்டியரிங் பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும். நமக்கோ வலப்பக்கம் இருந்து ஓட்டியே பழக்கம். ஆகவே வலப்புற ஓரத்தைக் கண் தப்பாகக் கணிக்கும். மரத்துக்கும் கயிற்றுக்கும் ஒரு முழம் கூடுதலாக விடுங்கள்.

இருவருக்கு மேல் ஏறக்கூடாது. கால் வெளியே தொங்கக்கூடாது. சீற் பெல்ற் அநேகமாக இல்லை. வேகமாக இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் இருப்பவர் வெளியே எறியப்படுவார்.

படி 5: சரிவிலும் ஈரத்திலும்

பெரும்பாலான பகிகளுக்குப் பின் சக்கரத்தில் மட்டுமே பிரேக் உண்டு. ஈரப் புல்லில் இறங்கும்போது திடீரென மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கும். இறங்கத் தொடங்குமுன்னரே வேகத்தைக் குறைத்து, மென்மையாக மிதித்தபடி நேராக இறங்குங்கள். சரிவுக்குக் குறுக்கே ஓட்டினால் கவிழும். நியூட்ரலில் உருளவிடவே கூடாது.

நவம்பர் முதல் ஜனவரி வரை, வாடை மழையில் நிலம் ஊறிக் கிடக்கும். அப்போது 400 கிலோ அளவான வண்டி புல்லில் ஏறினால் தடம் விழும், மண் இறுகும், புல் வேர் மூச்சுத் திணறும். அதனால்தான் பகிகளுக்கென்று போட்ட ‘பாதையில் மட்டும்’ ஓட்டவேண்டும் என்று பலகை போடுகிறார்கள். அன்றைக்குப் பகி எடுப்பதில் நேர இலாபம் அதிகம் இல்லை, நடந்து ஆடுங்கள்.

காய்ந்த நாட்களில் செங்கோண முறை: பந்துக்கு நேர் எதிரே வரும்வரை பாதையிலேயே போய், அங்கிருந்து நேராகத் திரும்பிப் பந்துக்குப் போகவேண்டும். அடித்ததும் வந்த கோட்டிலேயே பாதைக்கு. கிரீனுக்கு பத்து மீற்றருக்குக் கிட்டப் போகக்கூடாது; அடுத்த டீக்குப் போகும் பக்கத்தில் நிறுத்தினால் பின்னால் வருபவர் காத்திருக்கத் தேவையில்லை.

படி 6: இருவர் ஒரு பகியில்

பகி எடுத்தும் நேரம் போவது இங்கேதான். ஒருவர் இடது ஓரம் அடித்திருப்பார், மற்றவர் வலது ஓரம். இருவரும் சேர்ந்து ஒரு பந்துக்குப் போய், அடிப்பதைப் பார்த்து, பிறகு மற்றப் பந்துக்குப் போனால் நடப்பவரைவிட மெதுவாக முடிப்பீர்கள். முதலாமவரை அவர் பந்தருகே இறக்கிவிட்டு, மற்றவர் தன் பந்துக்கு ஓட்டவேண்டும். இறங்குபவர் இரண்டு மூன்று மட்டைகளையும் பட்டரையும் கையோடு எடுக்கவேண்டும். ஒரே மட்டையோடு இறங்கி, தூரம் தவறென்று கண்டு திரும்பி வந்தால் இரண்டு நிமிடம் போச்சு. பந்து தேட விதி தருவதே மூன்று நிமிடம்தான்.

உங்கள் பந்து தற்செயலாக உங்கள் பகியிலேயே பட்டால் பயப்படவேண்டாம். 2019இல் மாறிய விதிப்படி தண்டம் இல்லை. பந்து நின்ற இடத்திலிருந்து ஆடுங்கள். ஆனால் போட்டியில் ஆடுவதென்றால் பகிக்கு அனுமதி உண்டா என்று முதலே கேளுங்கள். தடை செய்த போட்டியில் ஏறினால், அடிகளை எண்ணும் ஆட்டத்தில் ஏறிய ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி கூடும். நடக்க முடியாதவருக்கு விலக்குக் கேட்கும் உரிமை பற்றி அமெரிக்காவில் பெரிய வழக்கே நடந்தது: காலில் இரத்தோட்ட நோய் இருந்த கேசி மார்ட்டினுக்குப் பகி தரவேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. மருத்துவக் காரணம் உள்ளவர் கேட்கத் தயங்கவேண்டாம்.

இடி கேட்டால் ஆட்டத்தை அந்த இடத்திலேயே நிறுத்தலாம், விதி அதை அனுமதிக்கிறது. பகியின் கூரை மழைக்கு மட்டுமே. பக்கங்கள் திறந்த அந்த வண்டி மின்னலுக்குக் காப்பு அல்ல. மரத்தடியும் வேண்டாம், கட்டடத்துக்குப் போங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது பற்றரி மானியைப் பாருங்கள். மேட்டில் வண்டி வழமையைவிட மெதுவாக ஏறியிருந்தால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஈயப் பற்றரி பாதிக்குக் கீழே அடிக்கடி வடிந்தால் ஆயுள் குறையும். கடற்காற்று வீசும் இடங்களில் முனைகளில் வெள்ளைப் பூப்பும் பிடிக்கும். அதை அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைப்பது அவர்கள் வேலை, ஆனால் நீங்கள் சொன்னால்தான் அன்றே பார்ப்பார்கள். பிரேக்கைப் பூட்டி, திறப்பை எடுத்துக் கையில் கொடுங்கள். முன் தட்டில் கைபேசியும் பின் கூடையில் தண்ணீர்ப் போத்தலும் கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்குங்கள். மட்டக்களப்பு வந்த பிறகு ஞாபகம் வந்தால் திரும்பிப் போக இன்னும் மூன்று மணித்தியாலம்.