பழைய வண்டிக்குப் புது இண்டிகேட்டர்: எர்த்தில் கோட்டை விடாதீர்கள்

யமஹா ஆர்எக்ஸ் 100, ஹீரோ ஹோண்டா சிடி 100 போன்ற வண்டிகளைத் தூசி தட்டி எடுத்துப் புதுப்பிக்கும் தம்பிகள் பெருகிவிட்டார்கள். வண்டி பளபளவென்றுதான் வருகிறது. இண்டிகேட்டர் மட்டும் எரிவதில்லை. இடது வயரை வலதில் கொடுப்பது, பேட்டரியைக் கழற்றாமல் கை வைப்பது போன்றவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவை மிஞ்சினால் ஒரு பியூஸோடு முடிந்துவிடும்.

பெயின்ட்டின் மேல் எர்த்

என் பொறுமையைச் சோதிப்பது இதுதான். பழைய இண்டிகேட்டருக்குப் பெரும்பாலும் இரும்புத் தண்டு. மின்சாரம் அந்தத் தண்டு, மட்கார்டு, சேஸ் வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். கடையில் வாங்கும் புது இண்டிகேட்டருக்குப் பெரும்பாலும் ரப்பர் தண்டு. மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் வயரைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத்தான் செய்கிறார்கள், எங்கே? புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்த சேஸின் மேல் டெர்மினலை வைத்து போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை எங்கோ கொஞ்சம் உரசிக்கொண்டிருப்பதால் சில நாள் எரியும். ஒரு மழை போதும், அங்கே துரு ஏறிவிடும்.

பிறகு வேடிக்கைதான். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கும். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து சிமிட்டும். பின்பக்க விளக்குகளுக்கெல்லாம் பொதுவான எர்த் அடைபட்டால், மின்சாரம் பக்கத்துப் பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

ஒரு தம்பி இந்தக் கோளாறுக்காக, விளக்கைச் சிமிட்ட வைக்கும் பிளாஷரை மாற்றி, கைப்பிடி சுவிட்சை மாற்றி, கடைசியில் பேட்டரியையும் மாற்றிவிட்டு வந்தார். “எர்த் பார்த்துவிட்டேன் அண்ணே, மல்டிமீட்டர் பீப் அடிக்கிறது” என்றார். மீட்டர் பீப் அடிக்க வயரில் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் போதும். பல்புக்கு வேண்டிய மின்சாரம் தடையில்லாமல் போகிறதா என்பதை அந்த பீப் சொல்லாது.

விளக்கு எரியும்போது சோதிக்க வேண்டும். பழைய இரண்டு முனைப் பிளாஷராக இருந்தால், இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, இண்டிகேட்டரைப் போடுங்கள். பல்பு சிமிட்டாமல் நின்று எரியும். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் சிவப்பு முனையைப் பல்பின் எர்த் வயரிலும் தொட்டுப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அந்தத் தம்பியின் வண்டியில் 3 வோல்ட்டைத் தாண்டியது. டெர்மினலைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, மறுபடி இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். வேலை முடிந்தது. மாற்றிய சாமான்களுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான்.

முன்பக்கத்துக்கு இதுகூடப் போதாது. ஹேண்டில் பகுதி சேஸைத் தொடுவது கிரீஸில் ஊறிய பேரிங் குண்டுகள் வழியாக. அதை எர்த் என்று நம்பாமல், முன் இண்டிகேட்டர் இரண்டிலிருந்தும் பேட்டரி நெகட்டிவுக்குத் தனி வயர் இழுத்துவிடுங்கள்.

நிறத்தை நம்புவது

ஹோண்டாவில் பச்சை வயர் எர்த். யமஹாவில் எர்த் கறுப்பு. கரும்பச்சை வலது இண்டிகேட்டர். சிடி 100-இல் கை பழகியவர் ஆர்எக்ஸில் பச்சையை எர்த்தோடு சேர்த்தால், வலது பக்கம் சுவிட்சைத் தள்ளிய உடனே பியூஸ் போகும்.

எல்இடிக்குப் பழைய பிளாஷர்

12 வோல்ட் வண்டியில் 10 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து சுமார் 1.7 ஆம்பியர் இழுக்கும். பழைய பிளாஷர் அந்தச் சூட்டில்தான் வேலை செய்கிறது. எல்இடி இழுப்பது சொற்பம் என்பதால் விளக்கு சிமிட்டாமல் அப்படியே நின்று எரியும். எல்இடிக்கான எலக்ட்ரானிக் பிளாஷரை வாங்குங்கள். அதில் மூன்றாவது வயர் இருந்தால் அதற்கும் எர்த் வேண்டும். கூடுதல் மின்சாரம் இழுக்க ரெசிஸ்டர் போட்டுப் பழைய பிளாஷரை ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது. சைடு பேனலில் ஒட்டிவைத்த ரெசிஸ்டரின் சூட்டில் பேனல் உருகிப்போனதைப் பார்த்திருக்கிறேன்.

நான்கும் சேர்ந்து சிமிட்டினால்

எல்இடி போட்ட பிறகு இப்படி ஆனால், ஸ்பீடோமீட்டரில் இரு பக்கத்துக்கும் ஒரே பைலட் பல்பு (இண்டிகேட்டர் போட்டிருப்பதைக் காட்டும் சிறு விளக்கு) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் வழியாக மின்சாரம் மறுபக்கம் கசிகிறது. பக்கத்துக்கு ஒன்றாக, மின்சாரத்தை ஒரே திசையில் விடும் 1என்4007 டையோடு இரண்டு போட்டு, கோடு உள்ள முனைகளைச் சேர்த்து பைலட் பல்பின் ஒரு முனைக்குக் கொடுங்கள், மறுமுனை எர்த்துக்கு.

வயரை முறுக்கி டேப் சுற்றுவது

கூடாது.

6 வோல்ட் வண்டி

முதலில் பேட்டரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இண்டிகேட்டரைப் பிறகு வாங்கலாம்.