‘பிளேன் சொலேய்’ படத்தைப் பார்ப்பது எப்படி?

31 வருடம் வங்கிக் கிளையில் காசோலை பாஸ் பண்ணியவன் நான். யாரைப் பார்த்தாலும் முதலில் கைதான் என் கண்ணில் படும். ரெனே க்ளெமான் 1960-ல் எடுத்த ‘பிளேன் சொலேய்’ படத்தைப் பார்க்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், நாயகன் டாமாக நடித்த அலான் டெலானின் கையைக் கவனியுங்கள் என்பேன். முகம் அழகான முகம், அது தானாகவே தெரியும். ‘பர்ப்பிள் நூன்’ என்ற ஆங்கிலப் பெயரில் தேடினால் படம் சுலபமாகக் கிடைக்கும்.

பிரெஞ்சு ஒலியோடு சப்டைட்டில் போட்டுப் பாருங்கள், டப்பிங் வேண்டாம். போனிலும் பார்க்காதீர்கள். ஆன்றி தெக்காயேயின் ஒளிப்பதிவில் இத்தாலியக் கடலும் வெயிலும் கண்ணைக் கூசச்செய்ய வேண்டும். அவ்வளவு வெளிச்சத்தில்தான் இந்தக் குற்றம் நடக்கிறது. முடிவைப் பற்றி மட்டும் எதையும் முன்கூட்டிப் படிக்காதீர்கள். நானும் சொல்ல மாட்டேன்.

கதை இவ்வளவு தெரிந்தால் போதும். டாம் ரிப்ளி கையில் காசில்லாத இளைஞன். பணக்கார வீட்டுப் பிள்ளை பிலிப் இத்தாலியில் ஊர் சுற்றுகிறான். பையனை சான் பிரான்சிஸ்கோவுக்குத் திருப்பி அழைத்து வந்தால் 5,000 டாலர் தருவதாகச் சொல்லி அவன் அப்பா டாமை அனுப்பியிருக்கிறார். பிலிப்போ கிளம்புவதாக இல்லை. டாமுக்கு மெல்ல மெல்ல அவன் சட்டை வேண்டும், படகு வேண்டும், காதலி மார்ஜ் வேண்டும், கடைசியில் அவன் பெயரே வேண்டும்.

கண்ணாடிக் காட்சி வரும்போது ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிலிப்பின் கோடு போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு டாம் கண்ணாடி முன்னால் நிற்கிறான், பிலிப் மாதிரியே மார்ஜிடம் கொஞ்சுகிறான், கண்ணாடியில் தெரியும் தன்னையே முத்தமிடுகிறான். அதில் எனக்கு வெறுப்பு துளிகூடத் தெரியவில்லை. வயிற்றெரிச்சல் இத்தனை ஆசையாக இருக்கும் என்று இந்தப் படம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் படகில் சாப்பாட்டு மேஜை. கத்தியைத் தப்பாகப் பிடிக்கிறாய் என்று பிலிப் குத்திக்காட்டுகிறான். அந்தக் கையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி பார்ப்பீர்கள். டெலானுக்கு முதலில் தர நினைத்தது பிலிப் வேடம். டாமாகத்தான் நடிப்பேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தாராம். பிலிப்பாக நடித்தவர் மோரிஸ் ரோனே. நேப்பிள்ஸ் மீன் சந்தையில் டாம் சும்மா சுற்றுகிற இடத்தைத் தள்ளிவிட்டு ஓட்டாதீர்கள். அறுபட்ட மீன்தலைகளை அவன் பார்க்கும் பார்வையில் நிறைய இருக்கிறது.

நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது கையெழுத்துக் காட்சியைத்தான். இன்னொருவருடையதைப் பார்த்துப் போட்ட கையெழுத்தில் வேகம் இருக்காது. கோடு தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் மொத்தையாக இருக்கும். பேனா நின்று யோசித்த இடத்தில் மை திரண்டிருக்கும். எங்களுக்குச் சந்தேகம் வருவதே அங்கேதான். டாம் அதைப் புரிந்துகொண்டவன். பிலிப்பின் கையெழுத்தைப் புரொஜெக்டரில் பெரிதாக்கிச் சுவரில் விழவைத்து, அதன்மேலேயே கையை வீசி வீசி எழுதிப் பழகுகிறான். எழுத்தின் வடிவத்தோடு அந்தக் கையின் ஓட்டமும் அவனுக்குள் ஏறுகிறது. பிலிப் அவனுக்குள் குடிவருவதை நான் அங்கே கண்ணால் பார்த்தேன்.

மணிக்கட்டு முறிந்து தேறிய ஒரு பென்ஷன் அம்மா என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து மூன்று முறை கையெழுத்துப் போட்டார். பயத்தில் மெதுவாகப் போடப் போட, வங்கியில் இருந்த அவருடைய மாதிரிக் கையெழுத்திலிருந்து இன்னும் விலகியது. “மளிகைக் கணக்குல போடற மாதிரி சட்டுனு போடுங்கம்மா” என்றேன். சரியாக விழுந்தது.

படம் முடிந்த பிறகு, மூலமான பட்ரீசியா ஹைஸ்மித்தின் 1955 நாவலைப் படியுங்கள். அதில் முடிவு வேறு. படத்தின் முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை, டெலானைப் பிடித்திருந்தது. அதே நாவலை வைத்து மாட் டேமன் நடித்த 1999 படத்தை அதற்கும் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை பார்ப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து, உங்கள் சொந்தக் கையெழுத்தையே எழுத்து எழுத்தாகப் பார்த்து மெதுவாகப் போடுங்கள். கை நடுங்கும், யாரோ போட்டது போல இருக்கும். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவர்க் காட்சியை ஓட்டுங்கள்.