கடல் லோக்கில் இரவு நங்கூரம்: பிடித்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடக்கும் இடங்களைக் கடல் லோக் என்கிறார்கள். மல் தீவின் டோபர்மோரிக்கு எதிரே, ஓரன்சே என்ற குட்டித் தீவுக்குப் பின்னால் இருக்கும் லோக் ட்ரம்பூயியை வைத்துச் சொல்கிறேன். மேற்கு வாசல் குறுகல். உள்ளே அடியில் நல்ல சேறு. வெளிக்கடல் அலை எட்டிப் பார்க்காது. படகு ஓட்டவும் கடல் வரைபடம் படிக்கவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. இடம் பாருங்கள். வரைபடத்தில் ‘எம்’ என்றிருந்தால் சேறு, ‘எஸ்’ மணல், ‘ஆர்’ பாறை. மீன் பண்ணைகளுக்கும் மிதவைகளுக்கும் கிட்டே போக வேண்டாம். அலை இல்லை என்பதால் காற்றும் இருக்காது என்று நினைக்காதீர்கள். செங்குத்தான மலையடியில் காற்று மேலிருந்து சரிந்து வந்து அறையும். ஸ்கை தீவில் கூலின் மலைகளுக்குக் கீழே இருக்கும் லோக் ஸ்காவைக் இதற்குப் பேர் போனது.

2. சங்கிலிக் கணக்கு. உயர்நீரின் ஆழத்தைத்தான் எடுக்க வேண்டும். தாழ்நீரில் 5 மீட்டர். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் தண்ணீர் 4 மீட்டர் ஏறும் என்று வையுங்கள். தண்ணீரிலிருந்து அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரம் 1 மீட்டர். ஆக 10. நாலு மடங்கு, 40 மீட்டர் சங்கிலி. காற்று ஏறும் என்றால் இன்னும் விடுங்கள், பெட்டியில் கிடந்து என்ன பயன்? அஷ்டமியை ஒட்டி ஏற்றம் இதில் பாதிகூட இராது. உங்கள் ஆழமானி நீர்மட்டத்திலிருந்து அளக்கிறதா, படகின் அடியிலிருந்தா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. போடுவதும் புதைப்பதும். காற்றுக்கு எதிரே மெதுவாக வந்து நிற்க வேண்டும். படகு பின்னால் நகரத் தொடங்கும்போது நங்கூரத்தைத் தரைக்கு இறக்கி, நகர நகரச் சங்கிலியை விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் குவியலாக விழுந்து நங்கூரத்திலேயே சுற்றிக்கொள்ளும்.

சங்கிலி முழுவதும் போனதும் பலர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விடுகிறார்கள். அமைதியான மாலையில் சங்கிலியின் எடையே படகை நிறுத்திவைக்கும். நங்கூரம் பக்கவாட்டில் சும்மா படுத்திருக்கலாம். அதனால் முதலில் மெல்லப் பின்கியர். சங்கிலி இழுபட்டு நீண்டதும் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். கரையில், படகுக்கு நேர் பக்கவாட்டில், முன்னும் பின்னுமாக இரண்டு பொருட்களை ஒரே கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள்: நீரோரப் பாறை, அதற்குப் பின்னால் ஒரு மரம். அரை நிமிடம் எஞ்சின் இழுத்தும் பாறையும் மரமும் விலகவில்லை என்றால் பிடித்துவிட்டது.

இன்னொரு சோதனை, அணியத்தில் சங்கிலி மேல் கை வைப்பது. விரல் உருளைக்குள் போகாமல் பார்த்து வையுங்கள். ஒரே சீராக விறைத்திருந்தால் சரி. விட்டு விட்டுக் குலுங்கினால் நங்கூரம் தரையில் குதித்துக்கொண்டு வருகிறது. தூக்கிப் பாருங்கள், பெரும்பாலும் கெல்ப் எனும் தடித்த கடல்பாசி கொத்தாக மாட்டியிருக்கும். நீளக் கம்பில் கட்டிய ரம்பக் கத்தி இதற்கு வேண்டும். வெட்டிவிட்டு வேறு இடத்தில் போடுங்கள், அதே இடத்தில் வேண்டாம்.

ரோக்னா, ஸ்பேட் மாதிரி குழிந்த அலகுள்ள நங்கூரம்தான் என் தேர்வு. பழைய கலப்பை வகையை விட விரைவாகப் புதையும்.

4. இரவுக்கு. நீட்சியுள்ள நைலான் கயிற்றைச் சங்கிலியில் கொக்கி போட்டு மாட்டி, இழுப்பை அதன்மேல் விடுங்கள். வெடுக்கென்று இழுபடுவதும் குறையும், சங்கிலி முனகலும் தூக்கத்தைக் கெடுக்காது. பகலில் கறுப்புப் பந்து, இருட்டியதும் எல்லாத் திசையிலும் தெரியும் வெள்ளை விளக்கு. இது கடல் விதி. கொசுவை விடச் சிறிய மிட்ஜ் பூச்சிகள் கோடையில் மொய்க்கும். கரையைவிட்டுத் தள்ளி நின்றால் தொல்லை குறைவு.

பின்சேர்க்கை: கைப்பேசியின் நங்கூர எச்சரிக்கைச் செயலி (குறித்த வட்டத்தைவிட்டுப் படகு வெளியே போனால் ஒலிப்பது) நள்ளிரவில் வீணாகக் கத்துகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பின்னால் போய் நின்ற பிறகு செயலியைத் திறந்தால் வட்டத்தின் மையம் படகாகிவிடும். காற்று திரும்பினால் படகு நங்கூரத்தைச் சுற்றி மறுபக்கம் போகும், உடனே அலறும். நங்கூரம் தரை தொடும் கணத்திலேயே இடத்தைப் பதியுங்கள். வட்டத்தின் ஆரம் சங்கிலி நீளமும் படகு நீளமும் சேர்ந்தது, கூடவே ஒரு பத்து மீட்டர். கைப்பேசியைச் சார்ஜில் போட மறக்காதீர்கள்.