கொழும்பில் மழைக்கு முன் வீடும் வளவும்

தமிழ்நாட்டிலிருந்து கொழும்புக்குக் குடிவருபவர்கள் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையை நினைத்தே மழைக்குத் தயாராவார்கள். இங்கே அது பிந்திய கணக்கு. தென்மேல் பருவமழை மே மாதத்திலேயே பிடித்துவிடும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியும் மின்னலுமாக இன்னொரு சுற்று வரும். சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் கூரை விளிம்பில் மழைநீர் வடியும் பீலி. இலை, சருகை அள்ளியபின், இறங்குகுழாய்க்கு எதிர் முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முழுவதும் வடிந்துபோக வேண்டும். 3 மீற்றருக்கு ஏறத்தாழ 1 செ.மீ. சரிவு போதும். நடுவில் தேங்கினால் பெரும்பாலும் பிராக்கெட் தளர்ந்து பீலி தொய்ந்திருக்கும். அந்த இடத்தில் இன்னொன்று அடித்தால் சரியாகும். அஸ்பெஸ்டஸ் சீற் மேல் எக்காரணம் கொண்டும் கால் வைக்காதீர்கள், அது சட்டென உடையும். பாசியைக் காய்ந்தபடி சுரண்டவும் கூடாது; அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. ஒழுகினால் சீற் ஆணிகளின் வாஷரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

பீலியில் தேங்கும் தண்ணீருக்கு இவ்வளவு பாடுபடுவது டெங்குவுக்காகத்தான். அதைப் பரப்பும் நுளம்பு (கொசு) சாக்கடையைத் தேடுவதில்லை, தெளிந்த தண்ணீரே போதும். பூச்சாடித் தட்டு, பிரிட்ஜின் பின்தட்டு, பாவிக்காத கழிப்பறை, வளவில் கிடக்கும் சிரட்டை, யோகட் கோப்பை எதுவும் தப்பாது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். ஆகவே உட்சுவரைத் தும்புத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒருமுறை கட்டாயம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நுளம்புக் குடம்பியை (புழுவை) கண்டால் வழக்கு வரும். வாடகை வீடு என்பது சாக்காகாது. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு வலிமாத்திரை எடுக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அந்தக் கணமே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மின்வேலை தெரிந்தவரை அழையுங்கள். மழை நேரத்தில் மட்டும் விழுந்தால், வாசல் விளக்கிலோ கேற் மணியிலோ தண்ணீர் இறங்கியிருக்கும். மின்பெட்டியிலுள்ள மற்ற எல்லாச் சுவிட்சையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த வயரென்று தெரிந்துவிடும். ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுக்க ஒருபோதும் விடாதீர்கள். அது உயிரோடு விளையாட்டு. மின்னலுக்கு முன் டிவி, ரவுட்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

காய்ந்த தென்னை மட்டை, முற்றிய குலையை மரமேறுபவரைக் கொண்டு இறக்குங்கள். மதிற்சுவரின் அடியிலுள்ள தண்ணீர்த் துளையையும் வாசற் கானையும் (வடிகாலையும்) திறந்து வையுங்கள்.

களனி கங்கையை அண்டிய கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் கீழ்மாடி வீடு பார்ப்பவர்கள், 2016 மே வெள்ளம் எவ்வளவு உயரம் நின்றதென்று அயலாரிடம் கேட்ட பிறகே முற்பணம் கொடுங்கள். அங்கே குடியிருந்தால் கடவுச்சீட்டு, விசாப் பத்திரங்களைப் பொலித்தீன் பையில் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும், அம்புலன்ஸுக்கான 1990 இலக்கமும் வீட்டிலுள்ள எல்லோருடைய போனிலும் இருக்கட்டும்.