கோழி எருவின் சத்து கிணற்றில் இறங்காமல் இருக்க: நாங்கள் மக்க வைக்கும் முறை

நாமக்கல் பக்கம் கூண்டு முறையில் முட்டைக்கோழி வளர்க்கிறோம். போன ஐப்பசி மழையில் வெட்டவெளியில் கிடந்த எருக்குவியலிலிருந்து பழுப்புத் தண்ணீர் வழிந்து கிணற்றோரம் தேங்கியது. பயந்துபோய்க் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். எருவிலுள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணில் நைட்ரேட்டாக மாறி நீரில் கரைந்து இறங்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எங்களுக்கு அதைத் தாண்டியிருந்தது. காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அன்றிலிருந்து குடிக்கக் கேன் தண்ணீர்தான்.

முதலில் இடம். மேடான தரை, மேலே கூரை, சுற்றிலும் ஒரு முழ உயரத்துக்கு வரப்பு. கிணற்றிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் தள்ளியே இருக்கட்டும்.

அடுத்து கலவை. கோழி எருவில் தழைச்சத்து அதிகம், கரிமம் (கார்பன்) குறைவு. தனியாகக் குவித்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறக்கும், மிச்சம் மழையில் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். தேங்காய் நார்த்தூள் இதற்கு நேர்மாறு: கரிமம் நிறைய, ஈரத்தையும் உறிஞ்சிப் பிடிக்கும். ஒரு கூடை புது எருவுக்கு மூன்று கூடை உலர்ந்த நார்த்தூள் என்று கலக்கிறோம். நெல் உமியும் போட்டுப் பார்த்தேன். ஈரம் பிடிக்காது, மக்கவும் நாளாகும். நார்த்தூளைத்தான் சொல்வேன்.

நான் தடுமாறிய இடம் ஈரம். மக்குவதற்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று எங்கோ படித்து, முதல் குவியலில் ஹோஸ் பிடித்தேன். நாலே நாளில் முட்டை அழுகிய நாற்றம், உள்ளே சூடே இல்லை. புது எருவில் முக்கால் பங்கு தண்ணீர்தான், அதுவே போதும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு கசிந்து, கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நின்றால் சரி. ஒழுகினால் இன்னும் நார்த்தூள் போடுங்கள். கூண்டில் ஒழுகும் நிப்பிள்களையும் (கோழி கொத்தித் தண்ணீர் குடிக்கும் குழாய் முனை) அன்றே மாற்றுங்கள். எங்களுக்குப் பாதி ஈரம் அங்கிருந்துதான் வந்தது.

குவியல் இடுப்பளவு உயரம் இருந்தால் சில நாளில் உள்சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கடப்பாரையைச் செருகித் தொட்டுப் பார்ப்பவர்கள் உண்டு. நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள், ஊகமே வேண்டாம். சூடு இறங்கும்போதெல்லாம் புரட்டிப் போடுங்கள். கிளறினாலும் சூடு ஏறாமல், மண்வாசனை வந்தால் மக்கிவிட்டது. எங்களுக்கு மூன்று மாதம் ஆனது.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்டும் மக்க வைத்தாலும் குறையாது. அதைத் தீவனத்திலேயே பிடிக்க வேண்டும். மக்காச்சோளத்திலும் சோயாவிலும் உள்ள மணிச்சத்தில் பெரும்பங்கு கோழிக்குச் செரிக்காமல் எச்சத்தில் வந்துவிடும். ஃபைட்டேஸ் நொதி சேர்த்தால் செரிக்கும். அந்த அளவுக்கு, மணிச்சத்துக்காகத் தீவனத்தில் சேர்க்கும் டைகால்சியம் பாஸ்பேட்டைக் குறைக்கலாம். தீவனக் கணக்குப் போடுபவரிடம் கேளுங்கள்.

பின்சேர்க்கை: ஈக்காகக் குவியலில் சுண்ணாம்பு தூவியதும் கண் எரிந்ததாக ஒருவர் கேட்டிருந்தார். மக்காத எருவில் சுண்ணாம்பு பட்டால் அம்மோனியா கிளம்பிவிடும், உரமும் போச்சு. தூவாதீர்கள். மேலே ஒரு சாண் கனத்துக்கு உலர்ந்த நார்த்தூளைப் பரப்புங்கள், ஈ அடங்கும்.